மலிவு விலை விளையாட்டு: சாவி யார் கையில்?

தீபாவளி விடுமுறை. ஈப்போ புந்தோங்கில், பாட்டி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறக்கிறீர்கள். நெடுநாளாக ஆசைப்பட்ட கணினி விளையாட்டு ஒன்று இணையக் கடையில் 120 ரிங்கிட். டிஸ்கார்ட் குழுவில் ஒருவர் அதையே 35 ரிங்கிட்டுக்குத் தருவதாக எழுதியிருக்கிறார். "முதலில் பணத்தைப் போடு தம்பி, அடுத்த நிமிடம் கீ வரும்" என்கிறார். சட்டைப் பையில் பெரியப்பா கொடுத்த தீபாவளி உறை. அதற்குள் 50 ரிங்கிட்.

அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். நீங்கள் வாங்கப் போவது உண்மையில் என்ன? அது எங்கிருந்து வருகிறது? வரும் வழியில் யார் அதைப் பறிக்க முடியும்? இந்த மூன்றும் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

வாங்குவது பொருளா, உரிமமா?

உங்கள் அண்ணன் காலத்தில் விளையாட்டு ஒரு வட்டில் வந்தது. விளையாடி முடித்த பின் அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், கடையில் பாதி விலைக்கு விற்கலாம். வட்டு யார் கையில் இருக்கிறதோ, விளையாட்டும் அவரிடம்தான்.

இணையத்தில் வாங்கும் விளையாட்டு அப்படியல்ல. வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் கடையை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டியதும் உங்களுக்குக் கிடைப்பது, அந்த விளையாட்டைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அந்த உரிமம் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். கணக்கை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றித் தரவோ ஸ்டீம் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. வாடிக்கையாளர் வாங்குவது உரிமம்தான் என்பதைக் கடைகள் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது.

பேராக் மக்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. தோட்டத்து லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். தாத்தா அங்கேயே பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, அங்கேயே பிள்ளைகளை வளர்த்திருப்பார். ஆனால் வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம். அதை விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் அதனால்தான். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி, தாங்கள் உழைத்த தோட்டங்களுக்குத் தாங்களே பங்குதாரர்கள் ஆனார்கள். குடியிருப்பது வேறு, சொந்தமாக வைத்திருப்பது வேறு என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

உங்கள் ஸ்டீம் கணக்கில் இருக்கும் விளையாட்டும் ஒரு வகையில் லயத்து வீடுதான். ஆகவே "என் கணக்கையே 100 ரிங்கிட்டுக்குத் தருகிறேன், உள்ளே 40 விளையாட்டு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் ஏமாறாதீர்கள். தன்னுடையது அல்லாததை அவர் விற்கிறார். முதன்முதலில் கணக்கைத் திறந்த மின்னஞ்சல், பழைய ரசீதுகள் எல்லாம் அவரிடமே இருக்கும். அடுத்த வாரமே "என் கணக்கைத் திருடிவிட்டார்கள்" என்று புகார் செய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவரால் முடியும். மொபைல் லெஜண்ட்ஸ் கணக்குக்கும் இதுவே பொருந்தும்.

சாவி எங்கிருந்து வந்தது?

கடைகள் விற்கும் "கீ" என்பது ஒருமுறை மட்டும் பயன்படும் எழுத்துக் கோவை. ஸ்டீம் சாவி பெரும்பாலும் ஐந்தைந்தாக 15 எழுத்துகள் கொண்டது. இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வோர் இடத்திலும் 26 ஆங்கில எழுத்துகளில் ஒன்றோ 10 இலக்கங்களில் ஒன்றோ வரலாம் என்று கொள்வோம். மொத்தம் 36 வாய்ப்புகள். 15 இடங்களுக்கு 36-ஐ 15 முறை பெருக்க வேண்டும். விடை, 22-க்குப் பின்னால் 22 பூச்சியங்கள் போட்டால் வருவதற்கு அருகில் இருக்கும். ஒரு கணினி விநாடிக்கு ஒரு மில்லியன் சாவிகளைச் சோதித்தாலும் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 7 பில்லியன் ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே 4.5 பில்லியன் ஆண்டுகள்தான். அவற்றுள் 10 மில்லியன் சாவிகள் செல்லுபடியாகும் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்று அகப்படச் சராசரியாக 700 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தவறான சாவிகளை அடுத்தடுத்துப் போட்டால் கடையே உங்களைச் சிறிது நேரம் தடுத்துவிடும் என்பது வேறு.

ஆகவே "இலவச கீ ஜெனரேட்டர்" என்ற செயலி எதுவும் சாவி தயாரிக்காது. அதைப் பதிவிறக்கினால் உங்கள் கணினியில் நுழைவது பெரும்பாலும் கடவுச்சொல் திருடும் நச்சு நிரல்தான்.

அப்படியானால் 120 ரிங்கிட் விளையாட்டின் சாவி 35 ரிங்கிட்டுக்கு எப்படிக் கிடைக்கிறது? சில வேளைகளில் நேர்மையான காரணம் இருக்கும்: தள்ளுபடி நாளில் வாங்கி வைத்தது, பல விளையாட்டுகள் சேர்ந்த தொகுப்பில் மிஞ்சியது. ஆனால் வேறொரு வழியும் உண்டு. திருடப்பட்ட கடன் அட்டை எண்ணைக் கொண்டு ஒருவர் சாவிகளை வாங்குவார். உடனே வேறோர் சந்தையில் அவற்றை மலிவாக விற்றுக் காசாக்குவார். சில வாரங்களில் அட்டையின் உரிமையாளர் வங்கியில் முறையிடுவார். வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். விளையாட்டைத் தயாரித்தவருக்கு விற்ற பணமும் போகும். வங்கிக் கட்டணமும் தலையில் விழும்.

செக் நாட்டின் வூபே என்ற சிறிய நிறுவனத்துக்கு இது நேர்ந்தது. ஃபேக்டோரியோ விளையாட்டை உருவாக்கிய குழு அது. அவர்கள் விற்ற சாவிகள் பல 2016-இல் திருட்டு அட்டைகளால் வாங்கப்பட்டவை. பின்னர் நடந்த விசாரணையில், அவற்றுள் 198 சாவிகள் ஜி2ஏ என்ற மறுவிற்பனைச் சந்தை வழியாக விற்கப்பட்டது உறுதியானது. ஜி2ஏ 2020-இல் வூபேக்கு 39,600 அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுத்தது.

இத்தகைய சாவியை வாங்கியவருக்கு என்ன ஆகும்? தயாரிப்பாளர் அதை ரத்து செய்தால், ஒரு நாள் காலையில் விளையாட்டு உங்கள் பட்டியலிலிருந்து மறைந்திருக்கும். விற்றவரையும் அதற்குள் காணோம் என்று ஆகியிருக்கும்.

யார் முதலில் கொடுப்பது?

தோட்டப் பள்ளியில் தாத்தா ரப்பர் கொட்டைகளை நண்பனிடம் மாற்றிக்கொண்டபோது ஒரு கையால் கொடுத்தார், மறு கையால் வாங்கினார். இரண்டும் ஒரே கணத்தில் நடந்ததால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியவில்லை.

ஸ்டீமின் பண்டமாற்றுச் சாளரமும் அப்படித்தான் செயல்படுகிறது. நீங்கள் தரும் பொருளும் அவர் தரும் பொருளும் ஒரே திரையில் தெரியும். இருவரும் உறுதிப்படுத்திய பின் இரண்டும் ஒன்றாக இடம் மாறும். இல்லாவிட்டால் எதுவுமே மாறாது. பாதியில் மின்சாரம் போனாலும் ஒருவர் பொருள் மட்டும் பறிபோகாது. வங்கிகளின் தரவுத்தளங்களும் இதே விதியில்தான் இயங்குகின்றன.

சிக்கல் எப்போது வருகிறது? ஒரு பாதி சாளரத்துக்கு உள்ளேயும் மறு பாதி வெளியேயும் நடக்கும்போது. பொருள் ஸ்டீமில், பணம் மின்பணப்பையில் என்றால், யாரோ ஒருவர் முதலில் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் கொடுப்பவர் முழு ஆபத்தையும் சுமக்கிறார். ஏமாற்றுபவர் எப்போதும் உங்களையே முதலில் கொடுக்கச் சொல்வார். நீங்கள் தயங்கினால், "நம்பிக்கையான நடுவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்து வை" என்பார். அந்த நடுவர் அவருடைய கூட்டாளியாகவோ, அவருடைய இரண்டாவது கணக்காகவோதான் இருப்பார்.

போலி வாசல்

நேரடியாகப் பணம் கேட்காமல் உங்கள் கணக்கையே கைப்பற்றுவது இன்னொரு வழி. "எங்கள் அணிக்கு வாக்களி", "இந்தப் பரிசைப் பெற்றுக்கொள்" என்று ஓர் இணைப்பு வரும். திறந்தால் ஸ்டீம் போலவே ஒரு நுழைவுப் பக்கம்.

இணைய முகவரியைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் "ஈப்போ கோப்பிக் கடை" என்று எழுதியிருப்பதால் கடை ஈப்போவில் இருப்பதாக ஆகிவிடாது. ஜொகூரிலும் அப்படிப் பலகை மாட்டலாம். அதைப் போல "ஸ்டீம்.இலவசப்பரிசு.காம்" என்ற முகவரி ஸ்டீமுடையது அல்ல. "காம்" என்பதற்குச் சற்று முன்னால் உள்ள பெயரே உரிமையாளரைக் காட்டும். இங்கே அது "இலவசப்பரிசு". அதற்கும் முன்னால் என்ன பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள். ஆங்கில "ஆர்" எழுத்தையும் "என்" எழுத்தையும் சிறிய வடிவில் நெருக்கி எழுதினால் "எம்" போலவே தெரியும்.

இதைவிடத் தந்திரமான ஒன்றும் உண்டு. இணையப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறிய சாளரத்தை ஓவியம் போல வரைந்து, அதன் மேல் சரியான ஸ்டீம் முகவரியையும் எழுதி வைப்பார்கள். கணினியில் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: அந்தச் சிறிய சாளரத்தைச் சுட்டியால் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான சாளரம் வெளியே வரும். ஓவியம் வராது.

பயமுறுத்தும் வகையும் உண்டு. "தவறுதலாக உன் கணக்கின் மேல் புகார் கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. இந்த ஸ்டீம் அதிகாரியிடம் பேசினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் டிஸ்கார்ட் முகவரி தருவார். ஸ்டீம் ஊழியர்கள் அரட்டையில் வந்து யாரிடமும் பேசுவதில்லை. பொருளையோ கடவுச்சொல்லையோ கேட்பதும் இல்லை.

30 விநாடி வாழும் எண்

கடவுச்சொல் திருடு போனாலும் கணக்கைக் காப்பது எப்படி? வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில் ஓர் உண்மையை வெளியிட்டது. மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 ஸ்டீம் கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்பட்டன. அதற்கு அந்த நிறுவனம் முன்வைத்த தீர்வு, கைப்பேசியில் இயங்கும் ஸ்டீம் கார்ட். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஐந்தெழுத்துக் குறியீட்டை அது காட்டும்.

கைப்பேசிக்கு இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் அந்தக் குறியீடு சரியாக இருக்கும். எப்படி? உங்கள் கைப்பேசிக்கும் கடையின் கணினிக்கும் ஒரே ரகசிய எண் தெரியும். இரண்டிடமும் ஒரே நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றன.

நீங்களும் நண்பரும் செய்து பாருங்கள். ரகசிய எண் 58 என்க. நேரத்தை 30 விநாடித் துண்டுகளாக எண்ணி வரும்போது இது 4321-ஆவது துண்டு. இரண்டையும் பெருக்கினால் 250,618. கடைசி மூன்று இலக்கங்கள் 618. இதுவே இப்போதைய குறியீடு. அடுத்த துண்டில் 4322-ஐ 58-ஆல் பெருக்கினால் 250,676. குறியீடு 676.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 676-இலிருந்து 618-ஐக் கழித்துப் பாருங்கள். விடை 58! இரண்டு குறியீடுகளைப் பார்த்தவர் ரகசியத்தையே கண்டுபிடித்துவிடுகிறார். அதனால்தான் உண்மையான செயலிகள் வெறும் பெருக்கலைப் பயன்படுத்துவதில்லை. ஹாஷ் என்ற ஒருவழிச் சார்பைப் பயன்படுத்துகின்றன. மிளகாயை அம்மியில் அரைப்பது எளிது. அரைத்த விழுதிலிருந்து மிளகாயை மீட்க முடியாது. ஹாஷும் அப்படித்தான்.

இவ்வளவு வலிமையான பூட்டையும் திறக்க ஒரு வழி மிச்சம் இருக்கிறது: குறியீட்டை நீங்களே வாசித்துச் சொல்வது. போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் குறியீட்டைத் திருடன் அதே 30 விநாடிக்குள் உண்மைப் பக்கத்தில் தட்டிவிடுவான். குறியீடு கேட்பவர் யாராக இருந்தாலும், நண்பரே ஆனாலும், கொடுக்காதீர்கள். அந்த நண்பரின் கணக்கே பறிபோயிருக்கலாம்.

ஸ்டீம் கார்ட் செயலி இல்லாதவர் பொருளை மாற்றினால், ஸ்டீம் அதை 15 நாள் வரை நிறுத்தி வைக்கும். எரிச்சலாக இருந்தாலும், திருட்டைக் கவனித்துத் தடுக்க அந்த நாள்கள் உதவுகின்றன.

பாதுகாப்பாகப் பரிசளிக்க

பரிசளிப்பது தவறில்லை. நேர் வழியில் செய்தால் அதில் ஆபத்தும் குறைவு.

ஸ்டீம் கடையிலேயே விளையாட்டை வாங்கும்போது "பரிசு" என்பதைத் தேர்ந்தெடுத்து நண்பரின் பெயரைச் சுட்டலாம். அவர் மறுத்தால் பணம் உங்களுக்குத் திரும்பி வரும். விலை மிகவும் வேறுபடும் நாடுகளுக்கிடையே இப்படி அனுப்ப முடியாது. ஆகவே "வெளிநாட்டு விலையில் வாங்கிப் பரிசாக அனுப்புகிறேன்" என்பவரைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால், ஸ்டீம் குடும்பம் என்ற ஏற்பாட்டில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். நண்பர்களைக் கண்டபடி சேர்க்காதீர்கள். உங்கள் விளையாட்டில் அவர் முறைகேடு செய்தால் தடை உங்கள் மேலும் விழலாம்.

மொபைல் லெஜண்ட்ஸ் வைரம் வாங்கித் தர, பெறுபவரின் விளையாட்டு அடையாள எண்ணும் மண்டல எண்ணும் போதும். கடவுச்சொல்லைக் கேட்பவர் வைரம் தர வரவில்லை, கணக்கை எடுக்க வந்திருக்கிறார்.

பணம் கட்டும் வேலையை அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் நிலை வந்தால், அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அரச மலேசியக் காவல்படையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் இருந்தால் அங்கே தெரியும். புகார் இல்லை என்றால் அவர் நல்லவர் என்று பொருளல்ல. இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பதுதான் பொருள்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை, மறைக்காமல் வீட்டில் சொல்வது. திட்டு விழும் என்ற பயத்தில் பலர் ஓரிரு நாள் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தைத்தான் ஏமாற்றுக்காரர் எதிர்பார்க்கிறார். அனுப்பிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று விரைந்து நகரும். எவ்வளவு சீக்கிரம் தகவல் போகிறதோ, அவ்வளவு தூரம் வழிமறிக்கும் வாய்ப்பு உண்டு. 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. பெற்றோருடன் அந்த எண்ணையோ உங்கள் வங்கியையோ அழையுங்கள். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அரட்டைப் பதிவுகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்திருங்கள்.

பறிபோனது கணக்கு என்றால், தூய்மையான வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அடுத்து விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் ஏன்? மற்ற எல்லாப் பூட்டுகளுக்கும் மாற்றுச் சாவி வந்து சேரும் இடம் அதுதான்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "உன் வங்கி அட்டையைச் சில நாள் கொடு, விளையாட்டு விற்ற பணம் அதில் வரும், உனக்கும் பங்கு தருகிறேன்" என்று ஒருவர் கேட்கலாம். வேறொரு பிள்ளையிடம் பறித்த பணம் உங்கள் பெயரில் வந்து இறங்கும். காவல் துறை தேடி வரும் முதல் கதவும் உங்களுடையதாகத்தான் இருக்கும். கணக்கை இப்படி இரவல் கொடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024-இல் நம் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

இப்போது பாட்டி வீட்டுக் கூடத்துக்குத் திரும்புவோம். 35 ரிங்கிட் கேட்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை உங்களுக்குத் தெரியும். சாவி எங்கே வாங்கியது? ஸ்டீம் வழியாகவே பரிசாக அனுப்ப முடியுமா? ஏன் நான் முதலில் கொடுக்க வேண்டும்? நேர்மையானவர் பொறுமையாகப் பதில் சொல்வார். மற்றவர் "இன்னும் ஐந்து நிமிடம்தான், வேறொருவர் கேட்கிறார்" என்று அவசரப்படுத்துவார்.

அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். ஸ்டீமில் தள்ளுபடி நாள்கள் ஆண்டுக்குப் பல முறை வருகின்றன. விளையாட்டை விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்தால், விலை குறையும்போது மின்னஞ்சல் தானே வரும். அதுவரை உறை பையிலேயே இருக்கட்டும்.